உள்ளே எத்தனை பேர்?

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்கும். பதற வேண்டாம், ஆள் கிளம்பியாயிற்று என்று சொல்லும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வீட்டில் கடைக்குட்டி. வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. ஆனாலும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அவள் இன்னும் 'சின்னவள்'தான். தலை முழுக்க நரைத்தாலும் அந்தப் பட்டத்திலிருந்து அவளுக்கு விமோசனம் கிடையாது. நாமும் அப்படியே கூப்பிட்டுத் தொலைப்போம்.

லிஃப்ட் கம்பெனியில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் அவளுக்கு வேலை. காதில் மாட்டிய கருவியைச் சாப்பாட்டு வேளையில்தான் கழற்ற முடியும். யார் அழைத்தாலும் முதல் கேள்வி ஒன்றே: "உள்ளே எத்தனை பேர்?" ஏதோ சம்பிரதாயத்துக்குக் கேட்பதல்ல அது. மேற்கொண்டு எப்படிப் பேசுவது என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஒற்றை ஆள் என்றால் கொஞ்சம் புலம்புவார், பிறகு தரையில் உட்கார்ந்து சமாதானமாகிவிடுவார். இரண்டு பேர் மாட்டினால்தான் தலைவலி. கடைசியாகப் பொத்தானை அழுத்தியது நீதான் என்று ஆரம்பித்து, கல்யாண நாளில் நடந்த குளறுபடி வரைக்கும் போய்விடுவார்கள். ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை அத்தனையையும் சின்னவள் காதில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இதை அவள் சொல்லும்போதெல்லாம் கூட வேலை செய்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவள் வாழ்க்கையையே அந்த ஒரு பாடத்தின் மேல்தான் கட்டி வைத்திருந்தாள்.

ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்துக் குடிவந்தாள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, மூலையில் சமையல், ஒரே ஒரு குளியலறை. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வேலையில் படுகிற பாடு போதும் என்று தேடிப் பிடித்தே வந்த வீடு. நாள் முழுக்க ஊரார் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றினால் ஒரு சத்தம் இருக்காது. அந்த நிமிஷத்துக்காகவே அவள் மூன்று மாடி ஏறுவாள். காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். வாணலியிலிருந்தே நின்றபடி சாப்பிடலாம். பாத்திரம் ராத்திரி முழுக்க ஊறினாலும் கேட்க நாதியில்லை. குளியலறைக் கதவைச் சாத்துவதே கிடையாது. தாழ்ப்பாள் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள்.

எல்லாமே சொர்க்கம் என்று சொன்னால் அது புளுகு. ஜாம் பாட்டில் ஒன்று மூடி திறக்க வராமல் அலமாரியில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தது. முதுகுப் பக்கம் கொக்கி வைத்த துணிகளை வாங்குவதையே விட்டுவிட்டாள். ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது தண்ணீர் குடிக்க எழ முடியாமல் சாயங்காலம்வரை வறண்ட நாக்கோடு கிடந்தாள். இதில் ஒன்றையும் அவள் குடும்பத்தாரிடம் மூச்சு விட்டதில்லை. விட்டால் தீர்ந்தது. ஏற்கெனவே அவர்களிடம் ஒரு பல்லவி இருந்தது: பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? அக்கா தொலைபேசியில் கேட்பாள், அண்ணன் நேரில் கேட்பான். அவள் எப்போது வழுக்கி விழுவாள் என்று குடும்பமே காத்திருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

அப்படிக் காத்திருந்து அலுத்துப்போய்த்தானோ என்னவோ, ஒரு நாள் அண்ணனே இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றான்.

அண்ணி, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வாய் கூசாமல் மேற்கொண்டு சொன்னான்: நீ தனியாக இருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை, அதனால் உனக்குத் துணைக்கு வந்திருக்கிறேன். சின்னவள் பெட்டிகளைப் பார்த்தாள். இரண்டு நாள் தங்குகிறவன் குளிர்காலச் சட்டையும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டுவருவானா? அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூத்தவன், வாசலில் நிற்கிறான், வா என்று சொல்லிவிட்டாள்.

வந்தவன் டேரா போட்டுவிட்டான். அவள் வேலைக்குப் போன நேரத்தில் அவளுடைய நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துத் தொலைக்காட்சிக்கு நேராகப் போட்டுக்கொண்டான். அவள் அலமாரியில் பாதியைக் காலி செய்து தன் சட்டைகளை அடுக்கினான். அவள் துணிகள் எங்கே என்று கேட்டால், கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறதே, ஏன் கத்துகிறாய் என்றான். அவள் எதற்கும் கத்தவே இல்லை. கத்தாதே என்று சொல்லிச் சொல்லியே கத்த வைப்பது அவனுக்குக் கைவந்த கலை. சமையல் என்றால் அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்றுகூடத் தெரியாது. ஆனால் உப்பு போதவில்லை என்று சொல்லத் தெரியும். ரத்த அழுத்தத்துக்குக் காலையில் நீர் மாத்திரை போடுகிறவன் வேறு. போட்டுவிட்டால் மதியம்வரை அவனுக்கும் குளியலறைக்கும் ஓயாத நடை. அவள் எப்போது போனாலும் அங்கே ஆள் இருப்பான்.

போதாக்குறைக்கு, கதவைத் தட்டும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. பிறந்ததிலிருந்து எந்தக் கதவும் அவனுக்காகவே திறந்து கிடந்தது என்ற நினைப்பு. அவள் குளிக்கும்போது வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைப்பாள். ஒரு நாள் அதையும் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, நகவெட்டி எங்கே என்று கேட்டான். துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் திட்டிய திட்டு அவன் தலைமுறைக்கும் போதும். அவனோ, கூடப் பிறந்தவனிடம் என்ன பெரிய வெட்கம், தனியாக இருந்து இருந்து உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திருப்பிக்கொண்டான்.

சாவி விஷயத்தில்தான் உண்மையான சண்டை. அந்த வீட்டு வாசல் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். சின்னவள் வெளியே காலை வைப்பதற்கு முன் கைப்பையைத் தட்டிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். தனியாக இருப்பவர்கள் எல்லாருக்கும் வருகிற பழக்கம் அது, உள்ளேயிருந்து திறந்துவிட ஆள் இல்லையல்லவா. அவளிடம் இருந்தது இரண்டு சாவி. ஒன்று கைப்பையில், இன்னொன்று அலுவலக மேஜையில். அண்ணன் ஒன்று கேட்டான். எங்கேயும் போகப்போவதில்லை, இருந்தாலும் ஒரு மரியாதைக்கு என்றான். அவள் தர மாட்டேன் என்றாள். விருந்தாளிக்குச் சாவி எதற்கு என்று கேட்டாள். அந்தச் சொல் அவனைச் சுட்டுவிட்டது. உடனே அக்காவுக்குத் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தான். அக்கா இவளைக் கூப்பிட்டு, உனக்கென்று ஒரு ஆண்துணை கிடைத்திருக்கிறதே என்று சந்தோஷப்படாமல் இப்படி விரட்டுகிறாயே என்று ஒரு மூச்சு அழுதாள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது: சின்னவள் இனிமேல் தனியாக இல்லை, அண்ணன் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான்.

அதைக் கேட்டபோதுதான் தன் வீடு தன் கையை விட்டுப் போகிறது என்று முதல்முறையாகப் பயந்தாள். சனிக்கிழமை மாலை நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாள், நாளையோடு கிளம்பு என்று. அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக நான் என்ன கல்நெஞ்சக்காரனா என்றான்.

மறுநாள் விடுமுறை. சின்னவள் குளிக்கப் போனாள். நகவெட்டிச் சம்பவம் மனதில் இருந்ததால் வாளியை நம்பவில்லை. கதவின் மேலே துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள். பல வருஷமாக யாரும் தொடாதது. இரண்டு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு தள்ளினாள். கிறீச்சென்று போய் உட்கார்ந்தது. நிம்மதியாகக் குளித்து, உடுத்திக்கொண்டு, திறக்கப் போனால் அசையவில்லை. சோப்பு தடவினாள், தண்ணீர் ஊற்றினாள், கப்பால் தட்டினாள். கடைசியாக ஒரு இழு இழுத்தபோது தாழ்ப்பாளின் குமிழ் கையோடு வந்துவிட்டது.

வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

அவன் முதலில் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரிப்பது கதவு வழியாகவே கேட்டது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துவந்து கதவருகே போட்டு உட்கார்ந்தான். அந்த நாற்காலிச் சத்தத்திலேயே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது, இவன் உதவ வரவில்லை, பேச வந்திருக்கிறான்.

"இப்ப நீ தனியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"தனியா இருந்திருந்தா தாழ்ப்பாளே போட்டிருக்க மாட்டேன்."

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு குரலைத் தேனாக்கிக்கொண்டு, தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் இருக்கிறார், ஒரு போன் போட்டால் வந்துவிடுவார் என்றான். போடு என்றாள். போடுகிறேன், அதற்கு முன் நீ ஒன்று சொல்ல வேண்டும் என்றான். அக்காவையும் போனில் வைத்துக்கொள்கிறானாம், அவள் காது கேட்கச் சொல்ல வேண்டுமாம்.

"'அண்ணா, நீ இங்கயே இரு, எனக்குத் தனியா இருக்க முடியாது.' அவ்வளவுதான். சொல்லிட்டா அடுத்த நிமிஷம் ஆள் வரும்."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐம்பது வயதுப் பொம்பளையைக் குளியலறைக்குள் வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறான். சொல்லிவிட்டு வெளியே வந்து மாற்றிப் பேசலாம்தான். ஆனால் அக்கா கேட்டுவிட்டால் குடும்பமே கேட்ட மாதிரி. நீயே உன் வாயால் சொன்னாய் என்பதைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். அப்புறம் இந்த வீட்டில் அவள் இருப்பாள், வீடு அவளுடையதாக இருக்காது. மேலே கண்ணாடிப் பட்டைகள் வைத்த சின்ன ஜன்னல் ஒன்று மாடிப்படிப் பக்கம் திறந்திருந்தது. கத்தினால் கட்டடத்துக்கே கேட்கும். கத்தினால் மட்டும் என்ன, தனியாக இருக்க முடியாதவள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லே" என்றாள்.

அப்படியானால் உட்கார்ந்திரு என்று சொல்லி அவன் எழுந்து போனான். தொலைக்காட்சியைப் பலமாக வைத்தான். ரொட்டி கருகும் வாசனை வந்தது. தனக்கு வேண்டியதை ஒருவழியாகத் தயார் செய்து சாப்பிடுகிறான் போலிருக்கிறது. உள்ளே சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு வாரத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது. குறுக்கே யாரும் இல்லை, ஏன் உப்பு கம்மி என்று கேட்கவும் ஆள் இல்லை. சின்ன இடம்தான். ஆனால் தாழ்ப்பாள் போட்ட இடம்.

பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சாப்பிட்டானென்றால் மாத்திரையும் போட்டிருப்பான். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. அதில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பாவி, இதை யோசிக்காமலே பேரம் பேசினானே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. அப்புறம் நடமாட்டம். கூடத்திலிருந்து சமையல் மூலைக்கு, அங்கிருந்து கூடத்துக்கு. அப்புறம் கதவருகில் வந்து நின்று, தாழ்ப்பாளை இன்னொரு தரம் முயற்சி செய்து பாரேன் என்றான். குரலில் தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது. முயன்றாயிற்று, குமிழ் கையோடு வந்துவிட்டது என்று இவள் சாவகாசமாகப் பதில் சொன்னாள். போன் போட்டாயா என்று கேட்டாள். பூட்டுக்காரர் எடுக்கவில்லையாம், விடுமுறை நாளாம்.

"சின்னவளே, எனக்கு அவசரம்."

அவன் கதவைத் தோளால் இடித்தான், காலால் உதைத்தான். அந்தக் காலத்து மரம், அசைந்து கொடுக்கவில்லை. அப்போது அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலையில் பேசுகிற அந்தக் குரலை எடுத்தாள்.

"பதறாதீங்க. கதவை உதைக்காதீங்க. தரையில உட்காருங்க, ஆள் வந்துடும்."

அண்ணன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் இதுவரை கேட்டதில்லை. பிறகு தடதடவென்று ஓடுகிற சத்தம், வாசல் கதவு திறக்கும் சத்தம். எதிர்வீட்டு அழைப்புமணி ஒலித்தது. எதிர்வீட்டில் இருப்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், அவரும் தனிக்கட்டை. அந்த மணி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பக்கம் சின்னவளின் வாசல் கதவு காற்றில் ஆடி, தடால் என்று சாத்திக்கொண்டது.

பிறந்ததிலிருந்து ஒரு வீட்டிலும் தனியாக இருந்தறியாதவன் சாவியைப் பற்றி நினைப்பானா? எந்த வாசலுக்குப் போனாலும் உள்ளேயிருந்து திறந்துவிட ஒருத்தி இருந்தாள் அவனுக்கு. பனியனும் இடுப்பில் துண்டுமாக இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவிலிருந்த மாடிப்படி முற்றத்தில் நின்றான். போன் மேஜைமேல். சாவி அவள் கைப்பையில். கைப்பை படுக்கையறையில்.

உள்ளே சின்னவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதன்பிறகு வீட்டின் அமைதி மெல்ல உறைத்தது. தினமும் மூன்று மாடி ஏறி வந்து அவள் அனுபவிக்கிற அதே அமைதி. இப்போது அது வேறு மாதிரி இருந்தது. அண்ணன் கோபத்தில் இப்படியே இறங்கிப் போய்விட்டால்? அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் இவளுக்குக் கோபம் என்று விட்டுவிடுவாள். அலுவலகத்தில் நாளை அவள் இடத்துக்கு வேறு யாரையாவது உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவளைத் தேடி யார் படியேறி வருவார்கள் என்று யோசித்தாள். ஒரு முகமும் தோன்றவில்லை. லிஃப்டில் மாட்டுகிறவர்களுக்காவது அழுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவளுக்குப் பயமாக இருந்தது. இதை மட்டும் அண்ணனுக்குச் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது ஜன்னல் வழியாக முற்றத்துப் பேச்சு கேட்டது. டீச்சர் கதவுச் சங்கிலியை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். பனியன் போட்ட முன்பின் தெரியாத ஆளை உள்ளே விட முடியாது, அது எவ்வளவு அவசரமானாலும் சரி என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் பூட்டுக்காரருக்குப் போன் போடுகிறேன் என்றார். அந்த மனுஷர் டீச்சர் கூப்பிட்டதும் எடுத்துவிட்டார். அண்ணன் நிஜமாகவே கூப்பிட்டானா என்பது அவனுக்கே வெளிச்சம். கீழே இறங்கலாமென்றால் அவனுக்கு முழங்கால் வலி, தெரு நிறைய விடுமுறை நாள் கூட்டம், இடுப்பில் துண்டு. அவன் படியிலேயே நின்றான். நிற்கவும் முடியாமல் நெளிகிற செருப்பில்லாத பாதச் சத்தம் சின்னவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பூட்டுக்காரர் மூச்சிரைக்க ஏறிவந்து பெட்டியைக் கீழே வைத்தார். அண்ணன் சீக்கிரம் உடைக்கச் சொன்னான். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. யார் வீடு என்று கேட்டார். முன்பு ஒருமுறை, வீட்டுக்காரர் என்று சொன்ன ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டதில், உள்ளே இருந்த பெண்மணி போலீசைக் கூப்பிட, பூட்டுக்காரர் ஒரு ராத்திரி முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து, குடியிருப்பவர் வாய்திறந்து சொல்லாமல் அவர் எந்தக் கதவிலும் கைவைப்பதில்லை.

நானும் இங்கேதான் குடியிருக்கிறேன் என்றான் அண்ணன். அப்படியானால் சாவி எங்கே என்றார் அவர். டீச்சர் சங்கிலிக்குப் பின்னாலிருந்து, அந்த வீட்டில் ஒரு அம்மா தனியாகத்தான் இருக்கிறார், இவர் கொஞ்ச நாளாகத்தான் கண்ணில் படுகிறார், யாரென்று தெரியாது என்று சாட்சி சொன்னார்.

அண்ணன் கைகாட்ட, பூட்டுக்காரர் குளியலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று குரல் கொடுத்தார்.

"அம்மா, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? இவர் உங்க வீட்டு ஆள்தானா?"

சின்னவள் வாளிமேல் ஏறி நின்றாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். சொன்னால் டீச்சரும் பூட்டுக்காரரும் சாட்சி, இவர் இந்த வீட்டு ஆள் என்று. அண்ணனின் குரல் மிகக் கிட்டத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு கெஞ்சியது.

"ஆமான்னு சொல்லு சின்னவளே. உன் கால்ல வேணா விழறேன். தாங்க முடியலே."

காலையிலிருந்து வெளியே வரவிடாமல் அவளை வைத்துப் பேரம் பேசியவன். அவள் நாற்காலி, அவள் அலமாரி, அவள் சாவி. இரண்டு வாரத்து ஆத்திரமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அவள் அவசரப்படவில்லை.

"அவரையே கேளுங்க. அண்ணா, இந்த வீட்ல குடியிருக்கறது எத்தனை பேர்? நீயே உன் வாயால சொல்லு."

அவள் காத்திருந்தாள். மாட்டிக்கொண்டவர்களிடம் பதில் வரும்வரை காத்திருப்பது அவள் வேலை, அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"ஒருத்தர்" என்றான் அண்ணன். "நீ மட்டும்தான்."

அவ்வளவு சின்னக் குரல் அவனுக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. திறங்க பூட்டுக்காரரே, அவர் என் அண்ணன்தான் என்று உடனே சொல்லிவிட்டாள். ஆனால் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் படியில் கேட்டது. பிறகு எதிர்வீட்டுக் கதவு ஓசைப்படாமல் சாத்திக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்துவிட்டது, அவனுக்கு ஒரு நிமிஷம் தாமதமாக.

பூட்டுக்காரர் வாசல் பூட்டைக் குடைந்து எடுத்தார். உள்ளே வந்து குளியலறைத் தாழ்ப்பாளை ஒரு கம்பியால் நெம்பித் தள்ளினார். சின்னவள் வெளியே வந்தபோது அண்ணன் அவளைத் தாண்டி உள்ளே போனான். நனைந்த துண்டை ஒரு கையால் பிடித்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்தினான், வெகுநேரம் குழாய் ஓடியது.

வந்து பெட்டிகளைக் கட்டினான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சொல்ல விருப்பமும் இல்லை. குளிர்காலச் சட்டையை மடிக்கத் தெரியாமல் சுருட்டித் திணித்தான்.

"உங்க அண்ணி குழந்தையைப் பார்த்துக்கப் போகலே" என்றான், பெட்டியைப் பார்த்தபடி. "இனிமே சேர்ந்து இருக்க முடியாதுன்னு சொல்லிட்டா. வீட்டை அவ தங்கச்சிக்கு விட்டாச்சு. எனக்குப் போக இடமில்லே."

"அதை வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எனக்குத் துணைன்னு எதுக்குப் பொய் சொன்னே?"

"சொல்லியிருந்தா வெச்சிருந்திருப்பியா?"

சின்னவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். வாய்ப்பேச்சுக்காவது ஒரு ஆமாம் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டான், தெரிந்த பதில்தான் என்கிற மாதிரி. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போனான். ஒன்றை நான் எடுத்துவரட்டுமா என்று கேட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூட்டுக்காரர் வாசலுக்குப் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், முழங்காலில் உட்கார்ந்து தரையைக் கழுவினாள். அந்த வாளிமேல்தான் காலையில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவின் துளைக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு முறை தண்ணீர் ஊற்றித் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது பூட்டுக்காரர் குளியலறைக் கதவருகே நின்று பழைய தாழ்ப்பாளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உபயோகமில்லை, நல்லதாக ஒன்று பெட்டியில் இருக்கிறது, போட்டுவிடவா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். இதையும் கழற்றிவிடுங்கள், இனிமேல் இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே தேவையில்லை என்றாள்.

அவர் திருப்புளியைத் திருகாணியில் வைத்தார். திருப்பாமல் அவளைப் பார்த்தார்.

"யாராவது வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"வர மாட்டாங்க" என்றாள் சின்னவள்.

அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.